ஓட்டுப் போடாமல் இருக்க ஓர் ஒப்பந்தம்

போன வாரம் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். கையில் நீளமான நோட்டு, காதில் காப்பிங் பென்சில். இனிமேல் இருபத்தொரு வயதான எல்லாருக்கும் ஓட்டாம். வீடு வீடாகப் பெயர் எழுத வந்திருக்கிறார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதில் உதடு ஊதாவாகியிருந்தது. "உங்க பேர் சொல்லுங்க. தகப்பனார் பேர்?" என்றார். ஈரம் பட்ட அந்தப் பென்சிலுக்கென்று புளித்த வாசனை ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறிய பிறகு அவர் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொன்னேனா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனி. என் சிநேகிதன் வரதனும் நானும் அங்கே குமாஸ்தாக்கள், எதிரெதிர் மேஜை. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போகும் பெட்டிகளில் அந்தப் பென்சிலால்தான் விலாசம் எழுதுவோம். சாயங்காலம் இரண்டு சைக்கிளிலும் புகையிலை வாசனையைச் சுமந்துகொண்டு பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வருவோம். படியேறும்போதே அம்மா, "அங்கேயே நில்லு, குளிச்சுட்டு உள்ளே வா" என்பாள். வரதன் வீட்டிலும் அதே வரவேற்புதான். காவேரிக்கு எங்களால் கூடுதல் வேலை.

அந்த வருஷம்தான் எங்கள் முதல் ஓட்டு. அப்போதெல்லாம் வரி கட்டுகிறவனுக்கும், எழுதப் படிக்கத் தெரியும் என்று மனுக் கொடுத்தவனுக்கும்தான் ஓட்டு. இருவரும் ஒரே நாளில் போய் மனுக் கொடுத்தோம். வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. மறைப்புக்குள் போய்ப் பிடித்த நிறத்தில் போட்டுவிட்டு வரவேண்டியது. நான் மஞ்சள், கதர் கட்டியவர்களின் பெட்டி. வரதன் பச்சை; பெரிய மிராசுதார் ஒருவரின் பெட்டி. நாமத்தின் வடிவத்தால் ஏற்கெனவே இரண்டாய்க் கிடந்த ஊர் நிறத்தாலும் பிளந்தது. மஞ்சளுக்கு ஒரு காபி கிளப், பச்சைக்கு ஒரு காபி கிளப். ரசத்தில் மஞ்சள்பொடி தூக்கலாக இருந்ததற்கு வரதன் தன் அம்மாவிடமே, "நீயும் அந்தப் பக்கம் போயிட்டியா?" என்று கேட்டானாம். அதை அவனே சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "வெள்ளைக்காரனுக்குக் குடை பிடிக்கறவன்" என்றேன் நான். "போடா, ஜெயில் வாசலைக்கூடப் பார்க்காத தியாகி" என்றான் அவன். அது உண்மை, அதனால் அதிகம் வலித்தது. பாலத்தில் அவன் முன்னால், நான் பின்னால் என்று போகத் தொடங்கினோம்.

எனக்கு அது தாங்கவில்லை. யோசனை என்னுடையதுதான், பழியை வேறு யார்மேலும் போட முடியாது. அம்மா மண்டபம் படித்துறையில் அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுண்டு போகப்போறது. ரெண்டு பேருமே போகாம இருந்துட்டா?"

"நீ போகமாட்டேன்னு என்னடா நிச்சயம்?"

பெயர், தகப்பனார் பெயர், பட்டியல் நம்பர் எழுதிய துண்டுத்தாளைக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். இருவர் பையிலும் இருந்தது. மாற்றிக்கொண்டோம். கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்டதுபோல எனக்கு அப்படி ஒரு பூரிப்பு.

ஓட்டு நாளன்று சைக்கிளில் முக்கொம்பு போவதென்று ஏற்பாடு. ஏழு மணிக்கு வரவேண்டியவன் ஒன்பதுக்கு வந்தான். "பஞ்சர்டா" என்றான். ஹாண்டில்பாரில் புளியோதரைத் தூக்கு ஆடியது. எதிரே மஞ்சள் கொடியும் பச்சைக் கொடியும் கட்டி ஜட்கா ஜட்காவாகச் சனம் ஓட்டுப் போட வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில். ஊரிலேயே புத்தியுள்ளவர்கள் நாங்கள்தான் என்று நினைத்தேன்.

மதகில் கொஞ்சமாகத்தான் தண்ணீர். காவேரியும் கொள்ளிடமும் அங்கே பிரிவதைப் பார்த்ததும் எனக்கு வழக்கமான வியாதி வந்துவிட்டது. "பிரிஞ்சாலும் ரெண்டும் நம்ம ஊரை அணைச்சுண்டுதானேடா போறது" என்றேன். "சாப்பிடு, ஆறிப்போறது" என்றான். மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்றபோது, "செத்த இருடா, வெயில் தாழட்டும்" என்றான். பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

தெருவுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. எங்கள் தெருவில் மஞ்சள் பெட்டிக்காக அலைந்தவர் கிட்டு மாமா. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"பேஷ்டா! கார்த்தாலேயே வந்து போட்டுட்டியாமே. நம்ம ஏஜெண்ட் லிஸ்ட்ல உன் பேரை அடிச்சிருக்கார். உன்னை மாதிரி பத்துப் பேர் போறும்டா!"

ஓட்டுச் சாவடிக்குள் உட்கார்ந்த ஏஜெண்ட் வெளியூர்க்காரர். என் முகம் அவருக்குத் தெரியாது. போடவில்லை என்று சொன்னால் நான் மாமாவுக்குத் துரோகி. போட்டேன் என்றால் பொய். தலையை மட்டும் ஆட்டினேன். வரதன் குனிந்து, கழலாத சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான்.

மாமா போனதும் கேட்டேன். "என் தாள் எங்கேடா?"

"எங்க பச்சைக்காரா கேட்டா, குடுத்தேன்."

"நீ?"

"முதல் ஆளாப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

என் கையிலிருந்த அவன் தாள் அவனுக்குத் தேவைப்படவே இல்லை. அவனை அறியாத பச்சைக்காரன் அங்கே யார்? என் பெயரில்தான் யாரோ ஒருத்தன் போய், என் தகப்பனார் பெயரைத் தன் தகப்பனார் பெயராகச் சொல்லி, பச்சையில் போட்டிருக்கிறான். இரண்டு மணி நேரப் பஞ்சர்.

"உன்னை ஏமாத்தலைடா" என்றான் வரதன். "உன் பெட்டியைத்தான் ஏமாத்தினேன். உனக்கும் எனக்கும் இதுல என்ன?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அடித்திருந்தால்கூட நான் திரும்ப அடித்துச் சமாதானமாகியிருப்பேன்.

மஞ்சள் வெள்ளமாய் ஜெயித்தது. என் ஒரு ஓட்டு பச்சைக்கு எந்த உபகாரமும் செய்யவில்லை. அவ்வளவு அற்பமான லாபத்துக்கு என்னைக் கொடுத்துவிட்டானே என்பதுதான் பன்னிரண்டு வருஷமாக ஆறவில்லை. கம்பெனியில் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன்.

கொடி கட்டிய ஜட்காக்கள் இப்போது இல்லை. இரண்டு காபி கிளப்புகளும் இல்லை. பச்சைப் பெட்டிக்காரர்கள் கலைந்துபோய், மிராசுதாரே கதர் கட்டிக்கொண்டுவிட்டார். வரதனும் கட்டிக்கொண்டான். கிட்டு மாமா போனபிறகு எங்கள் தெருவில் மஞ்சளுக்கு அவன்தான் எல்லாம்; நான் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது.

நேற்று உத்தர வீதியில் எதிரே வந்தான். நான் ஒதுங்குவதற்குள் இரண்டு கையையும் கூப்பினான்.

"சௌக்கியமா இருக்கேளா? பட்டியல்ல பேர் ஏறியாச்சோன்னோ? மறக்காம வந்து போட்டுடணும்."

எனக்குப் பின்னால் வந்தவரிடமும் அதே கும்பிடு, அதே வார்த்தை.