நீலாவின் ஈர வால்: மயிலாப்பூரிலிருந்து கிண்டிவரை ஐந்து மைல்

குதிரை வைத்திருப்பவர்கள், அதிலும் பெண்குதிரை வைத்துக்கொண்டு குட்டிக்கு ஏங்குபவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் அடையாற்றுக் காற்றுக்காகப் படிக்கலாம்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை. ஒற்றைக் குதிரை வண்டி ஒன்று உண்டு. அதை இழுக்கும் குதிரை நீலா. நிறம் செம்பட்டை, பெயர்தான் நீலா. என் மனைவி விசாலம் வைத்த பெயர், அதை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியமில்லை. நீலா ஒரு குட்டி போட்டுப் பார்க்க வேண்டும் என்று விசாலத்துக்கு இரண்டு வருஷமாக ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. கொல்லையில் குட்டிக்கென்று தனியாக ஒரு மூலையைப் பெருக்கி, தினமும் அங்கே தண்ணீர் தெளித்து வருகிறாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சாயபுவிடம் பொலிகுதிரை உண்டு. நான்கு முறை நீலாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். நான்கு முறையும் சினை பிடிக்கவில்லை. வண்டிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து, பாரவண்டிக்கு ஆகும், கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். கொடுப்பதற்கு முன் ஒரு வைத்தியரிடம் காட்டிவிடலாம் என்று மாசி மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். கிண்டியில் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வீட்டிலேயே காலை எட்டிலிருந்து பத்துவரை பார்க்கிறார். கட்டணம் மூன்று ரூபாய்.

காலை ஆறு மணிக்குக் கச்சேரி சாலையை விட்டோம். மவுண்ட் ரோடு வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் அங்கே மோட்டார்கள் ஊதும் ஊதலில் நீலா மிரளும், அதனால் சாந்தோம் வழி. நான் கடிவாளம் பிடித்தேன், விசாலம் பின்னால் உட்கார்ந்தாள், குதிரைக்காரன் முனுசாமி பக்கத்தில் நடந்து வந்தான். அடையாறு பாலம் இரண்டு மைல், நடையில் நாற்பது நிமிஷம். பாலத்தின் மேல் காலைக் காற்று அப்படி ஒரு சுகம். அந்தச் சுகத்தில் வாய் கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

“இன்னிக்கும் வழி பிறக்கலேன்னா கொடுத்துட வேண்டியதுதான். மலட்டுக் குதிரைக்கு எத்தனை நாள் கொள்ளு வைக்கறது?” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். விசாலம் முகத்துவாரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை என் அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், நான் எத்தனை முறை பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன் என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பயன்?

பாலம் இறங்கும் இடத்தில் ஒரு மீன்காரம்மாள் கூடையோடு எதிரே வந்தாள். வண்டியைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

“இன்னா சாமி, என் கூடைய வுட உன் குருதை நாறுது! உள்ள புண்ணு கீதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, பருவத்துல கீது. வாலு ஈரமா கீது பாரு” என்றான் முனுசாமி, பெரிய பண்டிதன்போல.

“இது பருவ வாசனையா? தூ! மூக்க கயட்டி ஊட்ல வெச்சிட்டு வந்தியா நைனா?” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. விசாலத்துக்கு வரவில்லை.

பாலத்திலிருந்து கிண்டி மூன்று மைல். பாதை நெடுக ஆலமர நிழல், வண்டித் தடம் மணல். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வைத்தியர் வீட்டு வாசலில் நின்றோம். வழியில் காப்பி கிடைக்காது, கையோடு கொண்டுபோவது நல்லது.

வைத்தியர் குதிரையைத் தொடுவதற்கு முன் என்னைத்தான் கேட்டார்.

“பொலிகுதிரை எப்படி? அதால வேற குதிரை சினையாகியிருக்கா?”

“நோவு இதுக்குத்தானே, அதைப் பத்தி எதுக்கு?” என்றேன்.

“குட்டி தங்கலேன்னா ரெண்டு பக்கமும் பார்க்கணும் சார். வர்றவங்க எல்லாம் பொட்டையை மட்டும்தான் இழுத்துக்கிட்டு வர்றாங்க.”

முனுசாமிக்குத் தெரிந்திருந்தது. சாயபுவின் குதிரையால் அந்த வருஷம் மூன்று குட்டிகள். சரி என்று தலையாட்டிவிட்டு, வைத்தியர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே பரிசோதித்தார். நீலா ஒரு தடவை முனகியது. விசாலம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே வந்த கையில் சீழ் கலந்த வெள்ளை நீர்.

“கருப்பையில அழற்சி. எத்தனை நாளைக்கு ஒரு தடவை பருவம்னு நினைச்சீங்க?”

“பத்து நாளுக்கு ஒருக்கா வந்துகினே இருந்துச்சு டாக்டரய்யா. வாலு ஈரமானா உடனே இட்டுகினு போய்டுவோம்” என்றான் முனுசாமி.

“மூணு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். நீங்க பார்த்த ஈரம் பருவம் இல்ல, நோவு. ஒவ்வொரு தடவை சேர்க்கும்போதும் அதை இன்னும் உள்ள தள்ளியிருக்கீங்க.”

கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவன் நான்தான். குட்டி வேண்டும் வேண்டும் என்று துடித்தே குட்டிக்கு இடமில்லாமல் செய்திருக்கிறேன்.

“அப்போ இது மலடு இல்லையா டாக்டர்?” என்று விசாலம் கேட்டாள். அந்நிய மனுஷரிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை.

“யாரம்மா சொன்னது? சீக்குக்கெல்லாம் அந்தப் பேர் வைக்கக் கூடாது.”

காய்ச்சி ஆறிய உப்பு நீரை ரப்பர் குழாய் வழியாக விட்டுக் கழுவினார். ஐந்து நாள் தொடர்ந்து கழுவ வேண்டும், ஆறு மாதம் பொலிகுதிரை பக்கமே போகக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்றார். குட்டி நிச்சயமா என்றதற்கு, நிச்சயம் சொல்ல மாட்டேன் என்றார். பொய் சொல்லாத வைத்தியர்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. தூரம் குறையட்டும் என்று, மோட்டார் ஊதலுக்கு மிரளாமல் முனுசாமி நீலாவின் தலையைப் பிடித்துக்கொள்ள, சைதாப்பேட்டை வழியாக தியாகராய நகர் வந்தோம். நான்கு பக்கமும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பூங்கா அருகே நீலாவுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். ஒரு வீட்டு வாசலில் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். விசாலம் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஏன்னா, அந்த டாக்டர் முதல்ல ஆண் குதிரையைப் பத்தின்னா கேட்டார்.”

“ஆமாம்.”

“பன்னண்டு வருஷமா நான் எத்தனை கஷாயம் குடிச்சேன், எத்தனை அரசமரம் சுத்தினேன். உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தேனாம்பேட்டை தாண்டி, பதினொன்றரைக்கு வீடு வந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆறு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், சைதாப்பேட்டையில் வெயில் தாங்காது. வால் ஈரமாக இருந்தால் பொலிகுதிரையிடம் ஓடுவதற்கு முன் மோந்து பாருங்கள். நாற்றமிருந்தால் நோவு. குதிரைக்காரன் சொல்வதைவிட மீன்காரம்மாள் மூக்கை நம்பலாம். வைத்தியர் இரண்டு பக்கமும் விசாரித்தால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

நீலாவுக்கு ஐந்து நாள் கழுவலும் முடிந்துவிட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு லஸ்ஸில் இருக்கும் ஒரு டாக்டரிடம் என்னைக் காட்டிக்கொள்ளப் போகிறேன். விசாலமும் வருகிறாள். வண்டி பூட்டவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அரை மைல்தான், நடந்தே போய்விடலாம். இந்த அரை மைல் போக எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.