ஸ்டீபன் அடைத்த ஓட்டை

ஸ்டீபனுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. கோட்டைக்குப்பத்தில் பிறந்த எவனுக்குத்தான் ஆகும்? படகில் ஓட்டை இருந்தால் கடல் உள்ளே வரும், அவ்வளவுதான். ஆனால் இவனுக்கு அந்த வியாதி கொஞ்சம் அதிகம். எறும்பு வருகிறது என்று வீட்டுக் கதவின் சாவித் துவாரத்தையே மெழுகு வைத்து அடைத்தவன். அன்றைக்கு அவன் மனைவி ஜெஸ்ஸி சாவியும் கையுமாக வாசலில் நின்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

என் ஐஸ் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது என் பிழைப்பு. படகுகளின் மின்சாமான்களைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கி, மீன் காட்டும் கருவி, எது உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தாலும் அவனிடம்தான் வரும். பிரித்து, கழுவி, பற்றவைத்து, கடைசியில் இண்டு இடுக்கு விடாமல் எபாக்சிப் பசை பிசைந்து அடைப்பான். அது இறுகுவதற்குள் கட்டைவிரல் நகத்தால் ஒரு சிலுவை கீறுவான். அந்தச் சிலுவை விழுந்த படகுப் பெட்டி மறுபடி தண்ணீர் குடித்ததில்லை. "ஸ்டீபன் சிலுவை கீதுனா, கண்ண மூடிகினு போலாம்" என்பார்கள் கடலுக்குப் போகிறவர்கள்.

இப்படிப் பேர் வாங்கியவனுக்குத் தலை கனக்காமல் இருக்குமா? கனத்தது. தப்பு செய்துவிட்டேன் என்று அவன் வாயால் நான் கேட்டதே இல்லை. பெட்டி பிழைக்காவிட்டால் குற்றம் உப்பின் மேல், பேட்டரியின் மேல், கொண்டுவந்தவன் மூஞ்சியின் மேல்.

தம்பி விக்கிக்கு அண்ணன்தான் எல்லாம். நைனா போனபிறகு அவனை ஆளாக்கியவன் ஸ்டீபன். "தண்ணி வோணாம், தரையில பொழச்சிக்கோ" என்று கார் ஓட்டப் பழக்கி, தமிழ்வாணன் என்ற இறால் பண்ணை முதலாளியிடம் டிரைவராகச் சேர்த்தும் விட்டான்.

தமிழ்வாணனுடையது வெளிநாட்டு சொகுசுக் கார். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் உள்ளே வராதாம். போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று அதை அவர் ஏரிக்கரையில் இறக்கினார். உப்புத் தண்ணீர் ஏறியது, வண்டி மூக்கு வரை நனைந்தது, அதோடு உயிரை விட்டது. என்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று உத்தரவு போடும் ஈ.சி.யூ. பெட்டி போய்விட்டது, புதுசு கப்பலில் வர மாதக்கணக்காகும் என்று ஷோரூமில் கைவிரித்தார்கள். விக்கி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "எங்கண்ணன் பாப்பாரு சார்" என்று பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

ஸ்டீபனுக்குக் கார்ப் பெட்டி புதிதில்லை. பொன்னேரி மெக்கானிக் ஒருவர் அனுப்பிய இரண்டைக் கோடையில் சரிசெய்து கொடுத்திருந்தான். யார் வண்டி என்று இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூடியைச் சூடுகாட்டிப் பெயர்த்தான். உள்ளே உப்புப் பூத்திருந்தது. ஸ்பிரிட் ஊற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினான். லென்ஸில் பார்த்துப் பார்த்துக் கருகிய ஐ.சி. ஒன்றை எடுத்துவிட்டு வேறு வைத்தான். அரித்துப்போன செம்புக் கோட்டுக்குப் பதிலாக முடி போன்ற கம்பியை இழுத்துப் பற்றவைத்தான். வேலை என்றால் அது வேலை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

மூடும்போதுதான் அதைப் பார்த்தான். பெட்டியின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு துவாரம், அதன் மேல் வெள்ளையாக மெல்லிய சவ்வு.

"பாத்தியா சகா? அந்த ரெண்டு பெட்டிலயும் இப்டி தான் இருந்திச்சி, நான் தான் அடைச்சிக் குடுத்தேன். இவ்ளோ பெரிய கம்பெனி, ஓட்டைய அடைக்காம வுட்டுகீறான்."

"எதுனா காரணம் இருக்கும்டா" என்றேன்.

"ஓட்டைக்கு இன்னா காரணம்?"

எபாக்சியை உருட்டி வைத்து அழுத்தினான். சிலுவை கீறினான்.

கார் முதல் அழுத்தத்திலேயே உறுமியது. தமிழ்வாணன் சால்வை போர்த்தினார். விக்கி குப்பம் முழுக்க அண்ணன் புராணம் பாடித் திரிந்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏரிகள் நிரம்பி ஆற்றில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், ஜெஸ்ஸி குடையைப் பிடித்தபடி சோறு கொண்டுவந்தாள். ஸ்டீபன் டிபன் பாக்ஸ் மூடியை இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தும் வரவில்லை.

"வடிச்ச சூட்டோட போட்டு மூடிட்டேன்" என்றாள் ஜெஸ்ஸி. "வர்ற வழியில மழையில ஆறிப்போயி உள்ள இழுத்துகிச்சி. குடு, நெருப்பாண்ட காட்டலாம்."

ஸ்டீபனின் கை அப்படியே நின்றது. டப்பாவையே பார்த்தான். பிறகு, பழுது பார்த்து அடைத்து வைத்திருந்த வேறொரு கார்ப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்தான். சூடான காற்றடிக்கும் மெஷினால் அது கொதிக்கிறவரை காட்டினான். தூக்கிவந்து என் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். எடுத்துத் துடைத்து, மூடியைப் பெயர்த்துக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது.

பெட்டி மூச்சுவிடத்தான் கம்பெனிக்காரன் அந்தத் துவாரத்தை வைத்திருக்கிறான்; அதன் மேலிருக்கும் சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. படகுப் பெட்டி சூடாவதில்லை, அதனால் அடைத்தாலும் தாங்கியது. காரில் என்ஜினோடு சேர்ந்து வேகிற பெட்டி அப்படியில்லை. வெந்த உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும், மூச்சிழுக்க வேறு வழியில்லாமல், ஒயர் நுழைகிற இடுக்கு வழியாகத் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும்.

ஸ்டீபன் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கடா கீற?"

"தரைப்பாலத்தாண்ட கீறேண்ணா. சாரை இட்டுகினு வர பொன்னேரி போறேன். தண்ணி கொஞ்சமா தான் போவுது."

"எறக்காத. திரும்பி வா."

"ஏண்ணா?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஸ்டீபன் வாயைத் திறந்தான். எங்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான். "சும்மா தான். சொன்னா கேளு" என்றான். சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"போண்ணா, நீ சிலுவை போட்ட பெட்டி. இன்னா ஆயிடப்போவுது?" விக்கி சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். மறுபடி அடித்தபோது மணி போனது, எடுக்கவில்லை. அதற்கப்புறம் மணியும் போகவில்லை.

மீன் பெட்டி கட்டும் கயிற்றை நான் எடுத்துக்கொண்டேன், பெரிய ஸ்பானரை அவன் எடுத்துக்கொண்டான். பைக்கில் போகும்போது வழியெல்லாம் "சொல்லிருக்கலாம், சொல்லிருக்கலாம்" என்று அவன் முனகுவது என் முதுகில் கேட்டது.

பாலத்தின் நடுவில் கார் நின்றிருந்தது. கதவில் பாதிக்குத் தண்ணீர். கரையில் கூடியிருந்தவர்கள் வந்துவிடு, வந்துவிடு என்று கையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குள் விக்கி. குனிவான், ஸ்டார்ட் பட்டனை அமுக்குவான், நிமிர்வான், மறுபடி குனிவான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அண்ணன் வந்துவிட்டான் என்ற தைரியத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"எறங்குடா! அது ஸ்டார்ட் ஆவாது! நான் பண்ண தப்பு!" ஸ்டீபன் அடித்தொண்டையில் கத்தினான். வெளிச் சத்தம் உள்ளே போகாத கார் அது. விக்கி சிரித்துத் தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தான்.

காரின் பின்பக்கம் மெல்ல நகர்ந்தது. ஸ்டீபன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். இந்த முனையை நாங்கள் ஏழெட்டுப் பேர் பிடித்தோம். வெள்ளம் கதவைத் திறக்க விடவில்லை. ஸ்பானரால் கண்ணாடியை உடைத்து, தம்பியின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தான். அவர்கள் பாதி வழி வருவதற்குள் கார் பாலத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிந்தது. மேலே கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன.

கரையில் விக்கி இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான்.

"எல்லாரும் எறங்க சொல்லிதாண்ணா கை காட்னாங்கோ. நீ பண்ண பெட்டினு தான் குந்தினு இருந்தேன். இன்னொரு வாட்டி அமுக்குனா வந்துடும்னு."

"நான் தப்பா பண்ட்டேன்டா" என்றான் ஸ்டீபன். "அடைக்கக் கூடாத ஓட்டைய அடைச்சிட்டேன்." இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது, ஈரக் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வுடுண்ணா. வண்டி தான போச்சி."

"இது மட்டும் இல்லடா. இன்னும் ரெண்டு பெட்டிக்கு சிலுவை போட்டுக் குடுத்துகீறேன்."

"யாருதுண்ணா?"

அக்கரையில், வெள்ளம் கொஞ்சம் வடிந்தால் கடந்துவிடலாம் என்று கார்கள் விளக்கைப் போட்டபடி வரிசையாகக் காத்திருந்தன. ஸ்டீபன் ஈரத்தோடு எழுந்து நின்று அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டபாடில்லை.