தூணோரம் உட்கார்ந்திருந்தவர்

சென்ற ஆண்டு ஆடி மாதம், திண்டுக்கல்லில் நான் வழக்கமாகப் படங்களுக்குச் சட்டம் போடக் கொடுக்கும் கடையில் இது நடந்தது.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் காகிதத்தில் அச்செடுப்பது என் வேலை. பெரும்பாலும் ஊரிலுள்ள இடங்களைத்தான் செய்வேன். அன்று கொண்டுபோனது ரயில்வே பிளாட்பாரம். “கண்ணால பாக்காத எதையும் நான் போடுறதில்ல” என்று கடைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

சாமி படம் வாங்க வந்திருந்த ஒரு பெண் என் படத்தின் மேல் குனிந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கம் காய்கறி விளைவிப்பவர். தூணோரம் தலையில் துண்டோடு, ஒரு தோள் சரிய உட்கார்ந்திருந்த ஆளின் மேல் விரலை வைத்தார்.

“இது எந்தம்பி. வீட்ட விட்டுப் போயி மூணு வருசமாச்சு. இவன எப்பய்யா பாத்தீக?”

நானும் குனிந்து பார்த்தேன். படத்தில் ஏதாவது மூலை வெறிச்சென்று தெரிந்தால், வீட்டில் உட்கார்ந்து தகட்டிலேயே ஓர் ஆளைக் கீறிவிடும் பழக்கம் எனக்குண்டு. இந்த ஆள் அப்படி வந்தவரா, நிஜமாகவே அங்கே இருந்தவரா? நினைவில்லை. கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம்தாம்மா, காலைல” என்றேன்.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே அழுதார். படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டு, சாமி படத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, ஸ்டேஷனில் வரைந்த தாள்களைப் புரட்டினேன். தூண் இருந்தது. ஆள் இல்லை. ஆனால் பார்த்த எல்லோரையும் நான் தாளில் வரைவதும் கிடையாதே.

சில வாரங்கள் கழித்து மனம் பொறுக்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெண் அங்கே இருந்தார். மார்க்கெட்டில் காய் போட்டுவிட்டு தினமும் வருகிறாராம். “வண்டி லேட்டாகும், இந்தக்கா லேட்டாக மாட்டாக” என்று டீக்காரர் கிண்டல் செய்தார்.

அந்த அம்மாவின் அருகே போய் உண்மையைச் சொன்னேன். “உங்க தம்பியப் பாத்தேனான்னு எனக்கே தெரியலம்மா. நானா போட்ட ஆளாக்கூட இருக்கலாம். அன்னைக்கு வீம்புக்குச் சொல்லிட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“புளியமரத்துல இருந்து விழுந்து அவன் தோளு சரிஞ்சது எங்க வீட்டுக்குத்தான் தெரியும். நீங்களா எப்படிய்யா போடுவீக? வயசாச்சுல்ல, மறந்துட்டீக. செத்த நேரம் உக்காருங்க, மதுர வண்டி வரப்போகுது.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி வந்தது. இறங்கியவர்களை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவின் காலைப் பொழுதுகளையெல்லாம் என் ஒரு வார்த்தை பாழாக்குகிறதா, அல்லது அவர் தம்பியைக் கடைசியாகப் பார்த்தவன் நான்தானா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை; ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் தோள் சரிந்த ஒருவரை நானும் தேடுகிறேன்.