என் கலியாணக் கோட்டுப் போட்டவர்கள்

களுவாஞ்சிக்குடியிலும் வாவிக்கு அக்கரையில் மண்டூரிலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். முழுதாக அல்ல, கழுத்துக்குக் கீழே மட்டும்.

எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. வீட்டின் முன்னறைதான். ஊரில் ஒருவர் இறந்துபோனால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்னால் அவருடைய பெரிய படமொன்று சட்டம் போட்டுத் தயாராக வேண்டும். வீட்டாரிடம் அநேகமாக அடையாள அட்டைப் படம்தான் இருக்கும். அதைக் கொண்டுவந்து, ஒரு கோட்டுப் போட்டுத் தாருங்கள் என்பார்கள். வாழ்நாளெல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் வட்டையில் நின்ற மனிதருக்கும் சுவரில் ஏறும்போது கோட்டு வேண்டும். நான் கொடுப்பது என்னுடைய கலியாணக் கோட்டு. கருநீலம், சிவப்பு டை. அதைவிட நல்ல கோட்டு என் கையில் அகப்படவில்லை.

கலியாணப் படத்தை ஸ்கான் செய்து, பக்கத்தில் நின்ற மனைவியை வெட்டி எடுத்துவிட்டு, கோட்டை மட்டும் ஒரு கோப்பாக வைத்திருந்தேன். என் தலையை என்ன செய்வது என்பதில்தான் அப்போது தடுமாறினேன். ஒரேயடியாக அழித்துவிடலாம். அல்லது மாஸ்க் போட்டு மூடலாம். மூடினால் தலை கோப்புக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அழிப்பதுதான் சுத்தமான வேலை. ஆனால் என் தலையை நானே அழிக்கக் கை வரவில்லை. மூடிவைத்தேன்.

சகுனத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரிகிறவன் நான். அப்பாவும் பெரியண்ணனும் ஐம்பத்துநாலு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். போன தையில் எனக்கு ஐம்பத்துநாலு ஆனது. அதிலிருந்து அப்படிச் சொல்வதையும் குறைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் பார்த்துத்தான் மென்பொருளும் கைவிட்டது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் அது. வெளிநாட்டுக்குப் பணம் போகாது என்று என் வங்கி அட்டை ஒருநாள் திடீரென்று மறுத்துவிட்டது. வங்கிக்கு இரண்டு முறை நடந்தேன், பலனில்லை. கணினியைத் திறந்தால் ஒரு பெட்டி வந்து நிற்கும், கட்டு என்று சொல்லும், வேறெதையும் தொடவிடாது. அன்று காலை நெஞ்சு படபடத்தது. அட்டை மறுத்ததாலா, வேறு காரணமா என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாற்று தேடத் தொடங்கினேன். முதலாவது இணையத்திலேயே ஓடுவது. மழை வந்தால் எங்கள் பக்கம் இணையம் படுத்துவிடும், அதுவும் கூடவே படுத்தது. இரண்டாவது ஒரே தரம் வாங்கினால் போதும் என்றார்கள். சோதித்துப் பார்க்கும் பிரதியை இறக்கி, படத்தின் கீழே தமிழில் பெயர் எழுதிப் பார்த்தேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். செத்தவரின் பெயரை அப்படிக் கொடுத்தால் வீட்டார் என்னை உயிரோடு விடமாட்டார்கள். மூன்றாவது இலவசம். முகப்பு அலங்கோலமாக இருந்தாலும் தமிழ் ஒழுங்காக வந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

பழைய கோட்டுக் கோப்பு அதில் திறக்குமா என்பதுதான் என் பெரிய கவலை. திறந்தது. என் தலை மூடியபடியே இருந்தது. மூன்று முறை மூடித் திறந்து பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

முதல் வேலை மண்டூரில் வயல் செய்த கமக்காரர் ஒருவரின் படம். அவருடைய மகள் அடையாள அட்டையைக் கொண்டுவந்து தந்திருந்தாள். முகத்தைப் பெரிதாக்கி, கோட்டுக்குக் கீழ் அடுக்கில் பொருத்தி, கழுத்தில் பூமாலையும் போட்டு, பெயரையும் தோற்றம், மறைவு என்று இரண்டு திகதியையும் எழுதினேன். மட்டக்களப்பு நகரத்தில் எனக்குப் பெரிய படம் அச்சடித்துச் சட்டம் போட்டுத் தரும் கடையொன்று உண்டு. நிறத்தைத் தாங்களே திருத்துவதற்காக அவர்கள் முகமும் கோட்டும் தனித்தனி அடுக்காக இருக்கும் கோப்பைத்தான் கேட்பார்கள். பழக்கதோஷத்தில் அப்படியே அனுப்பினேன். அவர்களிடம் இருப்பது பழைய மென்பொருள், நான் செய்தது புதியதில் என்பது அந்த நேரத்தில் தலையில் ஏறவில்லை.

முப்பதாம் நாள் பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த பார்சல் மேசையில் இருந்தது. கமக்காரரின் மகள் வாசலிலேயே நின்றாள். அவள் குருமண்வெளித் துறைக்குப் போய், வாவியைக் கடக்கும் பாதையைப் பிடிக்க வேண்டும். வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்த மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர்.

"நாளைக்கு விடிய அப்பாட படத்துக்கு முன்னால விளக்கு வைக்கணும் அண்ணன். கடைசிப் பாதைக்கு முதல் நான் போயிரணும்" என்றாள்.

மனைவி அவளுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். நான் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டிக் கடதாசியைப் பிரித்தேன்.

சட்டத்துக்குள் நான் இருந்தேன். கலியாண நாளின் இளிப்போடு, தலைமுடி நிறைய, கழுத்தைச் சுற்றி அச்சடித்த பூமாலையோடு. கீழே கமக்காரரின் பெயர், தோற்றம், மறைவு. அந்தக் கடையின் பழைய மென்பொருளில் மாஸ்க் கழன்றிருக்கிறது, கமக்காரரின் முகம் என் முகத்துக்குப் பின்னால் போய்விட்டது. கடைக்காரப் பையனுக்கு என் குரல் மட்டும்தான் தெரியும், என் முகமும் தெரியாது, அவர் முகமும் தெரியாது.

மகள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணன், இது நீங்கதானே?"

"ஓம் தங்கச்சி."

மனைவி தேநீரை மேசையில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பயந்துவிட்டேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுகூட இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது.

கேட்டேன். என்னிடம் உள்ள சின்ன அச்சு இயந்திரத்தில் இப்போதே அடித்துத் தருகிறேன், அளவு குறையும், கோட்டு இல்லாமல் செய்தால் கெதியில் முடியும் என்றேன்.

"கோட்டு இல்லாம வேணாம் அண்ணன். அம்மா கோட்டோடதான் கேட்டவ. சின்னனெண்டாலும் பரவாயில்ல."

கணினியின் முன் உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்து, மாஸ்க்கைக் கழற்றினேன். திரும்பவும் நான். மறுபடி மூடிவிட்டு, அடுக்குகளை ஒன்றாக்கி வெறும் படமாக மாற்றினாலே போதும், அது எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு நாள், இன்னொருவரின் வீட்டில், இதே முகம் எழும்பி வந்தால்? அழிப்பானை எடுத்தேன். திரையில் அம்புக்குறி முகத்துக்குப் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தது.

"அழிங்க" என்றாள் மனைவி, பின்னால் நின்று. "படம்தானே." அவள் குரலும் சரியாக இல்லை.

காதிலிருந்து தொடங்கினேன். நெற்றி, வாய், அந்த இளிப்பு. கண்களைக் கடைசிக்கு விட்டேன். அவை போன இடத்தில் கமக்காரரின் கண்கள் வந்தன. வெயிலில் சுருங்கிய கண்கள், அடையாள அட்டைக்காக அகலத் திறந்து வைத்தவை. மகள் அப்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அச்சடித்து, அலுமாரியில் கிடந்த ஒரு சட்டத்தில் போட்டு, பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கடைசிப் பாதையைப் பிடித்துவிட்டதாகப் பிறகு அழைத்துச் சொன்னாள்.

பெரிய சட்டம் மேசையில் மீந்து கிடந்தது.

"என்னை எங்க வெட்டிப் போட்டீங்க?" என்றாள் மனைவி. படத்தில் என் இடது தோளுக்குப் பக்கத்தில், தான் நின்ற இடத்தைக் காட்டினாள்.

"அதக் கிழிச்சுப் போடன்" என்றேன்.

"உங்கட முகத்த நான் கிழிக்கிறதா?"

"அப்ப எரிச்சிரு."

அவள் சட்டத்தை என் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டாள். அதே கடதாசியில் சுற்றினாள். அறைக்குள் கொண்டுபோய், அலுமாரியின் அடித்தட்டில், தன் கூறைச் சேலைக்குக் கீழே வைத்தாள். வேறு எங்கே வைப்பாள்?

புதிய மென்பொருள் இப்போது கைக்குப் பழகிவிட்டது. கோட்டுக் கோப்பில் இனித் தலை இல்லை, யார் வந்தாலும் பொருந்தும். கடைக்குப் படமாக மாற்றித்தான் அனுப்புகிறேன். எனக்கென்று ஒரு படம் செய்யத் தேவையில்லை. கோட்டும் என்னுடையது, முகமும் என்னுடையது, மாலையும் போட்டாயிற்று. பெயரையும் இரண்டு திகதியையும் மாற்றினால் சரி. அது அவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் அலுமாரியைத் திறக்கும்போது நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

தையில் எனக்கு ஐம்பத்தைந்து. இதை எழுதும் இன்றைக்கு, அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.