ஊறவைக்காத ஒடியல் மா

நோர்வேயில் கடை வைத்திருக்கும் மச்சாள், என் கணவரின் தங்கை, போன் எடுத்தால் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் கதையைத் தொடங்குவா. அன்று பின்னேரம் சிரிக்கவில்லை.

"மச்சாள், உங்கட ஒடியல் மாவைச் சாப்பிட்ட ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை ஆசுப்பத்திரியில. சாப்பிட்டது ஒண்டும் வயித்தில நிக்குதில்லை, ஒரே சத்தியாம். புருசன் கடையில வந்து கத்திப்போட்டுப் போறான்."

"கூழ் காய்ச்சினவவோ?"

"கூழோ! தயிருக்குள்ள போட்டுக் குழைச்சுச் சாப்பிட்டவவாம். பச்சையா."

பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்ததுதான் ஒடியல் மா. தண்ணீரில் ஊறவிட்டு, அதிலுள்ள நஞ்சு போக, கைப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப வடித்து ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைப்போம். எங்கள் ஊர் இறுப்பிட்டியில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை; அரிசி களைவது மாதிரி. பைக்கற்றில் 'கோதுமை கலவாதது' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துத்தான் கோதுமை ஒத்துக்கொள்ளாத வெள்ளைக்காரரும் வாங்குகினம் என்று மச்சாள் சொன்னபோது எவ்வளவு சந்தோசம், எவ்வளவு புளுகம் எங்களுக்கு!

என்னோடு மா இடிக்கும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டா: "செத்துக்கித்துப் போனா எங்களைப் பிடிப்பினமோ?"

"தெரியாதக்கா."

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று காலைதான் இன்னொரு பெட்டி யாழ்ப்பாணத்துப் பார்சல் கடைக்குப் போயிருந்தது. கடைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. உடுத்த உடுப்போடு ஓடிப்போய், குறிகட்டுவான் துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல். போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அது அடிக்க வேண்டும் என்றும் இருந்தது, அடிக்கக்கூடாது என்றும் இருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இருக்குமோ என்று யோசித்தேன்.

பெட்டி கடை மூலையில் இருந்தது. "அண்ணை, இதை அனுப்பேலாது, தாங்கோ" என்று கெஞ்சி வாங்கி, அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன்.

அடுத்த நாள்தான் மச்சாள் திரும்பப் போன் எடுத்தா. "தப்பிட்டா. வீட்டுக்கு விட்டிட்டாங்கள். ஆனா ஒண்டு கேட்டவவாம். கழுவித்தான் சாப்பிடவேணும் எண்டால், கழுவியே வித்திருக்கலாம்தானே எண்டு."

இப்போது ஊறவைத்து, வடித்து, திரும்பக் காயவைத்துத்தான் அனுப்புகிறோம். "கைப்பில்லை, இதென்ன ஒடியல் மா?" என்று அங்குள்ள எங்கட சனம் மச்சாளோடு சண்டை பிடிக்குதாம். பழைய மாதிரியே அனுப்பச் சொல்லி அவவும் கேட்டுப் பார்த்தா.

"ஏலாது மச்சாள்," என்றேன். "எனக்குப் பயம்."