துடைத்த போன்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்ஷீட்டோ மேஜைவிரிப்போ, அவள் கைக்கு வந்தால் ஒரு சுருக்கம் தப்பாது. வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடாது. புருஷன் ஒரு கிடங்கில் கேமராத் திரைகளைப் பார்க்கிற காவல்காரன். பகலெல்லாம் ஊரானைக் கண்காணித்துவிட்டு வருபவன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெண்டாட்டியின் போனை வாங்கி நோண்டுவான். சந்தேகப் பேய் பிடித்தவனுக்கு வேப்பிலை அடித்தாலும் தெளியாது!

போன மாதம் அவள் வாடகைக்கு ஒரு ரூம் கிடைக்குமா என்று தேடினாள். தேடியது அப்படியே போனில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வாங்கிய அடியில் இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

பக்கத்து மேஜையில் துணி மடிக்கிற நெட்டை, தானும் ஒரு புருஷனை விட்டு வந்தவள். அவள்தான் வழி சொன்னாள்.

"சுவத்துக்குக் காதுதான்டி இருக்கு, உன் போனுக்கு வாயும் இருக்கு. தேடறத எழுதி வெச்சுக்காத செயலி ஒண்ணு இருக்கு, அதுல தேடு. குறிப்புக்குப் பூட்டு போட்ட செயலி வெச்சுக்கோ. புதுசா ஒரு மெயில் தொறந்து, பாஸ்வேர்டையெல்லாம் பூட்டி வைக்கிற பெட்டகச் செயலியில போடு. எல்லாத்துக்கும் ஒரே சாவி. அது உன் மண்டைக்குள்ள மட்டும் இருக்கட்டும்."

அப்படியே செய்தாள். வெளியூர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது, பக்கத்திலேயே ரூமும் கிடைத்தது. முகவரி பூட்டிய குறிப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு நேராக பஸ் ஏறவேண்டியதுதான். ஆனால் சுருக்கம் பொறுக்காத கை சும்மா இருக்குமா? பழைய தேடல்களையும் ஒன்று விடாமல் துடைத்துவிட்டாள்.

புதன்கிழமை போனை வாங்கியவனின் விரல் நின்றது.

"என்னடி, ஒண்ணுமே இல்ல?"

"எனக்குத் தேட என்னங்க இருக்கு? வேலையே சரியாப் போச்சு."

"ராத்திரி பூரா ஒரு எலிகூட ஓடாத படம் வந்துச்சுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? எவனோ கேமராவுல கை வெச்சிருக்கான்."

அட பாவி! வாங்குகிற சம்பளத்துக்கு அவன் உருப்படியாகக் கற்ற ஒன்றே ஒன்று, அவள் தலையிலா விடிய வேண்டும்?

ஒவ்வொரு செயலியாகத் திறந்து பார்த்தான். குறிப்புச் செயலி சாவி கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை; அடி வாங்கிப் பழகிய உடம்பு. ஆனால் அவன் அடிக்கவில்லை. மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, அவள் கையைப் பின்பக்கமாக முறுக்கினான்.

"அம்மா!" என்று அலறியது பிள்ளை. அதற்குமேல் எந்தப் பூட்டு தாங்கும்?

"சொல்றேங்க. அவள விட்டுடுங்க."

சாவியாக ஒரு முழு வாக்கியம் வைத்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல, அவன் ஒரு கையால் தட்டினான்.

"நானும்... என் பொண்ணும்... இனிமே... பயப்படாம தூங்குவோம்."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. மகள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். குறிப்பு திறந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய போன் அவன் சட்டைப்பையில் அடித்தது. கூப்பிட்டது நெட்டை. வெளியே தாழிட்ட கதவில் நல்ல காதை வைத்து அவள் கேட்டாள்.

"அவ இனிமே வேலைக்கு வரமாட்டா" என்றான் அவன்.