அப்பா 'வாங்க' சொல்லாத நாள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு உறவுக்காரர்களால் நிறைந்துவிடும். யார் வந்தாலும் அப்பா வாசலுக்கே போய், "வாங்க, வாங்க" என்பார். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது.

அந்த வருடம் சாரல் விழுந்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. சிவகிரிப் பெரியப்பா, அப்பாவின் சொந்த அண்ணன், போன சீசனில் என்னிடம் தப்பாக நடந்துகொண்டதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நம்பவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் பெரியப்பா பையோடு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"என்னடே, வான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கே?"

"பிள்ள எல்லாம் சொல்லிட்டா. இனி இங்கன வராதீங்க."

"சின்னப்பிள்ள பேச்சக் கேட்டா ஆடுதே?"

"ஆமா. எம்பிள்ள சொல்லுதா, நான் நம்புதேன்."

பெரியப்பா திரும்பிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னாலதானப்பா உங்க அண்ணன் போயிட்டாங்க?"

அப்பா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஏட்டி, நீ சொன்னதுனால இல்ல. அவன் செஞ்சதுனால."

தன் அண்ணனை அவர் 'அவன்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் சிவகிரியிலிருந்து கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. அப்பா அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை.

இப்போது என் வீட்டுக்கும் சீசனுக்கு ஆட்கள் வருகிறார்கள். 'வாங்க' என்று சொல்வதற்கு முன்னால், நான் என் பேரப்பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.